உடுக்கு வைத்த பிரெஞ்சுச் சுடலை வாசல்

"இருநூற்று இருபத்துநாலு," என்றார் மச்சாள்.

"இருநூற்று முப்பத்தெட்டு," என்றார் அண்ணன்.

ஒக்லாந்தில், பிளாக்ஹவுஸ் பே என்கிற இடத்தில், எங்கள் குசினி மேசையில், சீனிப் போத்தலில் சாய்த்துவைத்த தொலைபேசிக்குள் இருவரும் நின்றார்கள். எங்களுக்கு மாரிகாலம், காலை ஆறரை, வெளியே கும்மிருட்டு. அவர்களுக்குக் கோடை, முதல் நாள் இரவு எட்டரை, நல்ல வெயில். என் அண்ணன் ஒரு பிரெஞ்சுக் கிராமத்துச் சுடலையின் வாசலுக்கு உள்ளே நின்றார். அவருடைய மனைவி, அதாவது என் மச்சாள், வாசலுக்கு வெளியே நின்றார். நடுவில் இரும்புக் கிராதிக் கதவு சாத்தியிருந்தது.

"ஒரு வாசலுக்கு ரெண்டு அகலம் இருக்கேலாது," என்றேன்.

"வெளியால அளந்தது நான். உள்ளுக்கு அளந்தது உன்ர அண்ணை. ஆரை நம்பிறது எண்டு நீயே யோசி," என்றார் மச்சாள்.

"இந்த ஊர்ச்சபையில இவ்வளவு வருசமா வேலை செய்யிறன். எனக்கு அளக்கத் தெரியாதோ?"

"புல்லு வெட்டிறதுக்கு அளவு தேவையில்லை, இஞ்சாருங்கோ."

பதினாலு சென்ரிமீற்றர் வித்தியாசம். ஒரு சாண்கூட இல்லை. ஆனால் எனக்கு அன்று காலைத் தேத்தண்ணி இறங்கவில்லை.

அளவு பிழைத்தால்

இந்தத் தொடரை இடையில் பிடித்தவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய கட்டடங்களை அளந்து படம் கீறுவது என் வேலை. அலுவலகம் ஒக்லாந்துத் துறைமுகப் பாலத்துக்கு அப்பால், ஆல்பனியில். இடிக்கப்போகிறவர்களும் கூப்பிடுவார்கள், காப்பாற்றப்போகிறவர்களும் கூப்பிடுவார்கள். இரண்டு பேருக்கும் ஒரே அளவைத்தான் கொடுப்பேன். அதனால் இரண்டு பேருக்கும் என்னைப் பெரிதாகப் பிடிக்காது.

சென்ற வாரம் மரப்பாலம் ஒன்றைப் பற்றி எழுதியதை வாசித்துவிட்டு ஒரு வாசகி, "அக்கா, உங்களுக்குச் சிரிப்பே வராதா?" என்று கேட்டு எழுதியிருந்தார். வரும் தங்கச்சி. அளவு சரியாக வந்தால் வரும்.

எனக்கு அடிக்கடி வாய்க்கிற வேலை இடுகாட்டு வாசல்கள்தான். ஒக்லாந்தைச் சுற்றி எரிமலைக் கல்லில் கட்டிய சுவர்களும், மேலே சின்னக் கூரை போட்ட மர வாசல்களும் நிறைய உண்டு. மற்ற எதை இடித்தாலும் பேசாமல் இருக்கிற சனம், இடுகாட்டு வாசலில் கை வைத்தால் மட்டும் கடிதம் எழுதும். ஆகவே எனக்கு வேலை.

யாழ்ப்பாணத்தில் பிறந்த பெண் இப்படிச் சுடலை சுடலையாக ஏறி இறங்குவது பற்றி உங்களில் சிலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. வீட்டுப் படலை வாசலோடு நின்று அழுதுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். போன ஆண்களும் தலை முழுகாமல் வீட்டுக்குள் வரமுடியாது.

கராஜ் வாளி

என் கணவர் முரளி திருச்சிக்காரர். ஐ.டி.யில் வேலை. சாமி, சகுனம், சடங்கு ஒன்றிலும் நம்பிக்கை இல்லை என்று பத்துப் பேர் கூடும் இடத்தில் மேசையில் அடித்துச் சொல்வார்.

முதல் முறை நான் இடுகாட்டு வாசல் ஒன்றை அளந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது, முன்கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. கராஜ் கதவு மட்டும் பாதி திறந்திருந்தது. உள்ளே துணி துவைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு வாளி சுடுதண்ணி, ஒரு துவாய், மாற்றுடுப்பு.

"உங்களுக்குத்தான் நம்பிக்கை இல்லையே," என்றேன்.

"ஆமா, இல்ல. அதுக்காக ரிஸ்க் எடுக்கணுமா?"

பிறகொருநாள் மாவோரி மக்களின் இடுகாடு ஒன்றுக்கு வேலையாகப் போனேன். வாசலில் தண்ணீர் வைத்திருந்தார்கள். வெளியே வருகிறவர்கள் கையை நனைத்துத் தலையிலும் தெளித்துக்கொண்டு போனார்கள். எனக்கு ஒரே சந்தோசம். வீட்டுக்கு வந்து முரளியிடம், பாருங்கள், இந்த நாட்டுக்காரர் ஒரு கைத்தண்ணியில் விசயத்தை முடிக்கிறார்கள் என்றேன்.

"அது அவங்க முறை. நமக்கு வாளி," என்றார் அவர்.

இன்றைக்கும் வாளிதான்.

மதுரா

அண்ணன் சண்டைக்காலத்தில் பிரான்சுக்குப் போனவர். பாரிசில் உணவகங்களில் கோப்பை கழுவி, பிறகு யாரோ சொல்லி, ஒரு சின்னக் கிராமத்தின் ஊர்ச்சபையில் வேலைக்குச் சேர்ந்தார். தெரு கூட்டுவது, புல் வெட்டுவது, பூங்கன்றுக்குத் தண்ணீர் விடுவது, காலையில் சுடலை வாசலைத் திறந்து பின்னேரம் சாத்துவது. அந்தக் கிராமத்தில் தமிழர் என்றால் இவர்கள் இரண்டு பேர்தான்.

கொஞ்சக் காலம் மூன்று பேராக இருந்தார்கள். மகள் மதுரா நாலு மாதம் இருந்தாள். பிறகு இல்லை.

சின்னப் பிள்ளைகளை நாங்கள் எரிப்பதில்லை, புதைப்போம். எங்கே புதைப்பது என்று அண்ணனுக்குத் தெரியவில்லை. பாரிசுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள் சிலர். அண்ணன் தான் தினமும் திறந்து சாத்துகிற வாசலில் போய் நின்றிருக்கிறார். இரண்டு பக்கமும் மஞ்சள் நிறச் சுண்ணாம்புக் கல்லில் சதுரத் தூண்கள். இடது தூணில் ஏதோ செதுக்கியிருந்தது. அதுவரை அதை அவர் உற்றுப் பார்த்ததில்லை. அன்று பார்த்தார். உடுக்கு.

வீட்டுக்குப் போய் மச்சாளிடம், "உடுக்கு வைச்சிருக்கிறாங்கள். சுடலையில எங்கட ஆள் இருக்கிறார்," என்று சொல்லியிருக்கிறார். மச்சாள் அதற்குப் பிறகுதான் பிள்ளையைக் கையிலிருந்து கொடுத்தாராம்.

நான் அப்போது கொழும்பில் விசாவுக்காகக் காத்திருந்தேன். தொலைபேசியில் அழுதேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

கிராதிக்கு வெளியே

ஒக்லாந்துக்கு வந்து, வேலை கிடைத்து, காசு சேர்ந்த பிறகு ஒருதரம் அந்தக் கிராமத்துக்குப் போனேன். வாசலைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அது உடுக்கு இல்லை. மணல் மணிக்கூடு. இரண்டு பக்கமும் செட்டை வைத்திருந்தது. காலம் பறந்துபோகிறது என்று சொல்ல அந்தக் காலத்துப் பிரெஞ்சுக் கல்தச்சர்கள் சுடலை வாசல்களில் செதுக்குவது. வலது தூணில் இருந்தது தலைகீழாகப் பிடித்த தீப்பந்தம், உயிர் அணைந்தது என்பதற்கு. அண்ணன் அதைக் கரட் கிழங்கு என்று நினைத்திருந்தார்.

மணல் மணிக்கூடு என்று அவரிடம் சொன்னேன். அளவுக்காரிக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஆர் சொன்னது? சுடலைக்க மணிக்கூடு என்னத்துக்கு?" என்றார் அண்ணன். "இஞ்ச படுத்திருக்கிறவைக்கு நேரம் பாக்க என்ன அவசரம்?"

மச்சாளிடம் நான் அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

மச்சாள் வாசலுக்கு உள்ளே போனதே இல்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரியவந்தது. பிள்ளையைப் புதைத்த அன்றும் போகவில்லை, அதற்குப் பிறகு ஒவ்வொரு வருசத் திவசத்திலும் போகவில்லை. வாசல்வரை வருவார். ஒரு கையை உடுக்குத் தூணில் வைத்து, மற்றக் கையால் கிராதிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அண்ணன் உள்ளே போய் விளக்கு வைத்துவிட்டு வருவார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆர் மச்சாள் இஞ்ச உங்களைப் பாக்கப்போயினம்? நான் கிழமைக்கு ரெண்டு சுடலை ஏறி இறங்கிறன். வாங்கோ என்னோட," என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"உனக்கு அது வேலை," என்றார் மச்சாள். கையை எடுத்துக்கொண்டார்.

நான் உள்ளே போனேன். திரும்பி வரும்போது அவர் கேட்டார், "எவ்வளவு தூரம்?"

என் கைப்பையில் லேசர் அளவுகோல் இருந்தது. திரும்பப் போய், பிள்ளையின் கல்லில் வைத்துக் கிராதிவரை அளந்தேன். "பத்தொன்பது மீற்றர், மச்சாள். சரியாப் பத்தொன்பது."

"பத்தொன்பது," என்று ஒருதரம் சொல்லிப்பார்த்தார். அதற்குப் பிறகு அவரோடு எத்தனையோ முறை கதைத்திருக்கிறேன். திவசம் முடிந்து கதைக்கிற நாளில் மட்டும், "பத்தொன்பது மீற்றர்தானே, என்ன?" என்று ஒருதரம் கேட்பார். ஓம் என்பேன்.

தகரக் கதவு

இப்போது அந்த மாரிகாலக் காலைக்கு வருவோம். ஏன் அளந்தார்கள் என்று சொல்லவில்லையே.

ஊர்ச்சபைக்குப் புதிதாக ஒரு பிரச்சினை. பிரேதம் கொண்டுவருகிற வண்டி முன்பெல்லாம் சின்னது. இப்போது வருவது இரண்டு மீற்றர் பத்து சென்ரிமீற்றர் அகலம். கதவு திறந்தால் இடைவெளி இரண்டு மீற்றர் இரண்டு சென்ரிமீற்றர்தான். வண்டி வெளியே நிற்க, பெட்டியை ஆட்கள் மழைக்குள் தூக்கிக்கொண்டு போகவேண்டியிருந்தது. ஆகவே இரண்டு தூணையும் இடித்துவிட்டு, மூன்று மீற்றர் அகலத்துக்குத் தள்ளு கதவு போடுவதாக யோசனை. கிராதி இல்லை. முழுத் தகரம். செதுக்கிய கல் இரண்டையும் கார் நிறுத்துமிடத்தில் பூப்பாத்திக்குள் நட்டுவைப்பார்களாம்.

அண்ணன் அதை என்னிடம் சொன்னபோது குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. "தகரம் போட்டால் உள்ளுக்கு ஒண்டும் தெரியாது," என்றார். பிறகு, "உவள், உன்ர மச்சாள், எங்க போய் நிக்கிறது?" என்றார்.

அவர் அந்தச் சபையின் வேலைக்காரர். கூட்டத்தில் எழும்பி நின்று கதைக்கக் கூச்சம். "காயிதத்தில எழுதி, படத்தோட குடுத்தால்தான் இவங்கள் பாப்பாங்கள். நீ பழைய வாசல் எல்லாம் காப்பாத்திறனிதானே," என்றார்.

சபை கூட இரண்டு கிழமை இருந்தது. நான் போக வழியில்லை. அளவுகளை அனுப்பச் சொன்னேன். கொப்பித் தாளில் வந்தது: உடுக்கு அகலம் முப்பத்தொன்று. கரட் உயரம் அறுபத்தொன்று. சுவர்த் தடிப்பு அறுபத்திரண்டு. வாசல் அகலத்தில்தான் இரண்டு பேரும் இரண்டு இலக்கம் எழுதியிருந்தார்கள்.

அதனால்தான் அன்று காலை, எனக்கு முன்னால் மறுபடி அளக்கச் சொல்லியிருந்தேன். மறுபடியும் அதே இருநூற்று இருபத்துநாலு, அதே இருநூற்று முப்பத்தெட்டு.

"அண்ணை, வெளியால அளக்கேக்க மச்சாளும் நீங்களும் ஆளுக்கொரு பக்கம் நாடாவைப் பிடிச்சனீங்கள். உள்ளுக்கு மச்சாள் வரமாட்டா. அப்ப மற்றத் தலைப்பை ஆர் பிடிச்சது?"

"ஒருத்தரும் பிடிக்கேல்லை. கொக்கியில கொழுவினனான்."

"என்ன கொக்கி?"

"சுவரில ஒரு கொக்கி நிக்குது. நான் பூவாளி தூக்கிறது."

"காட்டுங்கோ."

தொலைபேசி ஆடிக்கொண்டு போய், கொடி படர்ந்த உட்சுவரில் நின்றது. வாசல் விளிம்பிலிருந்து பதினாலு சென்ரிமீற்றர் தள்ளி, கல்லுக்குள் ஈயம் உருக்கி ஊற்றிப் பதித்த, என் மணிக்கட்டுப் பருமனில் ஒரு இரும்பு முளை. அதில் பச்சை நிறப் பிளாஸ்டிக் பூவாளி தொங்கியது. கீழே, இடுப்பு உயரத்தில் இன்னொன்று. மற்றப் பக்கமும் கொடியை விலக்கச் சொன்னேன். அங்கேயும் இரண்டு.

கதவின் இரும்பு வளையங்களை மாட்டுகிற முளைகள் அவை. வாசல் கட்டிய காலத்தில் கதவு அங்கேதான், சுவரின் உட்பக்கத்தில்தான் தொங்கியிருக்கிறது. பிறகு யாரோ ஒருவர் கதவை வெளிவிளிம்புக்குக் கொண்டுவந்து, தூணுக்கும் கதவுக்கும் நடுவில் பதினொரு சென்ரிமீற்றர் அகலத்தில் பக்கத்துக்கொரு இரும்புக் கம்பத்தை முடுக்கிவிட்டிருக்கிறார். அந்தக் கம்பங்கள்தான் இடத்தைத் தின்கின்றன. கழற்றிவிட்டு, கதவின் ஓரங்களில் கொஞ்சம் இரும்பு ஒட்டி அகலமாக்கிப் பழைய முளையில் மாட்டினால் முழு இரண்டு மீற்றர் இருபத்துநாலும் கிடைக்கும். வண்டி போகும். ஒரு கல்லை அசைக்கத் தேவையில்லை.

நான் சிரித்துவிட்டேன். குசினிக்குள் வந்த முரளி, "என்னாச்சு? யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டார்.

கமா

பத்துப் பக்கத்தில் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதினேன். நாலு படம் கீறினேன். வெட்டுமுகம், முன்முகம், கதவு பழைய இடத்தில், கதவு புதிய இடத்தில். தரைப்படத்தில் சுடலையின் எல்லையைச் சிவப்புக் கோட்டால் காட்டினேன். எல்லை சுவரின் வெளிமுகத்தோடு போகிறது, உலகம் முழுக்க அப்படித்தான். செட்டை வைத்த அந்தக் கல்லுக்கு நேரே மணல் மணிக்கூடு என்று எழுதிவிட்டு, கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, உள்ளூர்க் குடும்பம் ஒன்றால் சிவபெருமானின் உடுக்காக வணங்கப்படுவது என்று அடுத்த வரியில் எழுதினேன். அதுவும் உண்மைதானே.

அந்த ஊர் மேயர் ஓய்வுபெற்ற ஆங்கில ரீச்சர். அறிக்கையை முழுக்க வாசித்தார் என்பதற்கு எனக்கு ஆதாரம் உண்டு. ஏழு இடத்தில் கமாவைத் திருத்தித் திருப்பி அனுப்பியிருந்தார். கடைசிப் பக்கத்தில், தூண்கள் நிற்கும், கதவு உள்ளே போகும் என்று ஒரு வரி.

அன்று பின்னேரம் முரளி த்ரீ கிங்ஸ் கடைத்தெருவில் கேக் வாங்கிக்கொண்டு வந்தார். சுடலைக் கதவுக்குக் கேக் வெட்டிய வீடு ஒக்லாந்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

திவசம்

கதவை மாற்றி மாட்டியது இங்கே மழைக்காலம் முடிந்த பிறகு. அந்த வருசத் திவசத்தன்று அண்ணன் அழைப்பு எடுத்தார். எங்களுக்குப் பின்னேரம், நான் வேலையால் வந்து கால்மேசுகூடக் கழற்றவில்லை. அவர்களுக்குக் காலை. விளக்கு வைத்துவிட்டு வந்து தொலைபேசியை மச்சாளிடம் கொடுத்துவிட்டு அண்ணன் ஒதுங்கிக்கொண்டார்.

மச்சாள் பழைய இடத்தில் நின்றார். ஒரு கை உடுக்குத் தூணில் இருந்தது. மற்றக் கையில் தொலைபேசி. கதவு அவருக்கு முன்னால் இல்லை. சுவர்த் தடிப்பளவு உள்ளே, நிழலுக்குள் போய்விட்டிருந்தது. கையை நீட்டினாலும் கம்பி எட்டாது.

பத்துப் பக்கம் எழுதினேன், நாலு படம் கீறினேன், கமா எல்லாம் போட்டேன். இந்த மனுசி எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்று யோசிக்கவில்லையே. மடைச்சி.

"வதனி," என்றார் மச்சாள்.

"ஓம் மச்சாள்."

"கதவு தள்ளிப்போச்சு."

"ஓம் மச்சாள். நான்தான்..."

"அதில்லை. நீ படம் கீறினனிதானே. உன்ர படத்தில சுடலை எங்க துவங்குது?"

மடிக்கணினி பக்கத்தில்தான் இருந்தது. பார்க்கத் தேவையில்லை. சிவப்புக் கோடு அவர் நின்ற இடத்தில், அவருடைய செருப்பு நுனியோடு போனது.

"நீ அளவில பொய் சொல்லமாட்டாய் எண்டு உன்ர அண்ணை எப்பவும் சொல்லுவார்," என்றார் மச்சாள்.

"ஓம்," என்றேன். "கதவில இருந்துதான் மச்சாள் சுடலை. கதவுவரைக்கும் வெளிதான்."

"வடிவாத் தெரியுமோ?"

"என்ர வேலை இது, மச்சாள்."

தூணிலிருந்து கையை எடுத்தார். செருப்பைக் கழற்றினார். ஒரு அடி வைத்தார். இன்னொரு சின்ன அடி. இரண்டு தூணுக்கும் நடுவில் நிழல் விழுந்து முகம் மங்கியது. பிறகு கம்பியைப் பிடித்த கை திரையில் தெரிந்தது. முழங்கைவரை உள்ளே விட்டிருந்தார்.

எனக்குக் கண்ணீர் தாரை தாரையாக வந்தது, துடைக்கவும் இல்லை.

"இப்ப எவ்வளவு?" என்று கேட்டார்.

"பதினெட்டு மீற்றர் முப்பத்தெட்டு சென்ரிமீற்றர், மச்சாள்."

"பதினெட்டு," என்றார். "முப்பத்தெட்டு."

மச்சாள் இந்தத் தொடரை வாசிப்பதில்லை. உன்ர எழுத்தில இலக்கம் கூடிப்போச்சு என்று முதல் வாரத்திலேயே விட்டுவிட்டார். அந்தத் துணிச்சலில்தான் இதை எழுதுகிறேன். அண்ணன் வாசிப்பார், வாய் திறக்கமாட்டார்.

அடுத்த நாள் காலை துறைமுகப் பாலத்தில் நல்ல நெரிசல். ஆல்பனிக்கு அரைமணி பிந்திப் போனேன். மேலங்கியைக்கூடக் கழற்றாமல் கணினியைத் திறந்து, என்னிடம் இருக்கிற பிரதியில் அந்தச் சிவப்புக் கோட்டை வாசலடியில் மட்டும் வெட்டி, அறுபத்திரண்டு சென்ரிமீற்றர் உள்ளே தள்ளிவைத்தேன்.